கண்ணாடிக் குத்திகளும் ஓர் அமானிதமும்



பிள்ளைகளின் உண்டியலை உடைத்துச் சில்லறையைப் பாயில் கொட்டி எண்ணாத தாய் நம்மில் யார்? அப்படி எண்ணும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மங்கிக் கிடக்கும் குத்திகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று கண்ணாடித் துண்டு போல மின்னும். முகத்தருகே பிடித்தால் நமது முந்தானையின் நிறம் கூட அதில் தெரியும். "புதுக் காசு" என்று சொல்லி அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் புதுக் காசெல்லாம் அப்படி மின்னுவதில்லை. அந்த மின்னலுக்கு ஒரு காரணம் உண்டு, ஒரு பெயர் உண்டு, அதைத் தரம் பார்க்க ஒரு முறையும் உண்டு. அதை என் வாப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அவர். வங்கியிலிருந்து வரும் சில்லறைப் பொதியைப் பிரித்ததும் கல்லாவில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நல்லதொன்று கிடைத்தால் அதற்குரிய பணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து கல்லாவில் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். தன் கடைதானே என்று சும்மா எடுத்ததில்லை. கடையில் மாமாவுக்கும் பங்கிருந்தது.

கண்ணாடி எங்கிருந்து வருகிறது?

கொழுக்கட்டை அச்சை நினைத்துக் கொள்ளுங்கள். அச்சில் கீறல் இருந்தால் கொழுக்கட்டையிலும் கோடு விழும். நாணயமும் அப்படித்தான். உருக்கில் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெறும் உலோக வில்லையை வைத்துப் பெரும் அழுத்தத்தில் அடிக்கிறார்கள். அச்சின் தளம் கண்ணாடியாக மெருகேற்றப்பட்டிருந்தால் அதில் பிறக்கும் குத்தியும் கண்ணாடியாகவே பிறக்கும்.

சேகரிப்போருக்கென்றே தனியாகச் செய்வதை 'புரூஃப்' என்பார்கள். அதில் அச்சையும் மெருகேற்றுவார்கள், வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒரு முறைக்கு மேல் அடிப்பார்கள். தளம் கறுத்த கண்ணாடி போலவும், உருவமும் எழுத்தும் பனி படர்ந்தது போல வெண்மையாகவும் நிற்கும். அது கடைத்தெருவுக்கு வருவதில்லை, பெட்டியிலேயே விற்கப்படும். நமது நாட்டுக்கு 'சிலோன்' என்ற பெயர் இருந்த கடைசிக் காலத்தில், 1971ஆம் ஆண்டு பொறித்து, 1 சதம் முதல் 1 ரூபா வரை ஏழு குத்திகள் கொண்ட புரூஃப் தொகுதி ஒன்று வெளியானது. மறு ஆண்டு, 1972 மே 22இல், நாடு குடியரசாகி 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று.

வாப்பா தேடியது அதையல்ல. அவர் தேடியது 'புரூஃப் லைக்', அதாவது புரூஃப் போன்றது. இது சாதாரணச் சில்லறையோடு சில்லறையாகப் பிறப்பது. புதிதாக மெருகேற்றிய அச்சைப் பொறியில் பூட்டியதும் முதலில் விழும் சில குத்திகள் மட்டும் கண்ணாடியாக விழும். அடிக்க அடிக்க உலோகம் அச்சின் மீது உரசி ஓடி, மயிரிழையிலும் நுண்ணிய கோடுகளைக் கிழித்துவிடும். அதன் பிறகு வரும் குத்திகள் புதியவையாக இருந்தாலும் கண்ணாடி இல்லை. அவற்றைச் சாய்த்தால் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுழலும், அவ்வளவுதான். இலட்சக்கணக்கில் அடிக்கப்படும் ஒரு வகையில் அந்த முதல் சில குத்திகளுக்கு மட்டுமே இந்தப் பேறு.

உலகத்தில் இதை மிகுந்த ஆசையோடு தேடுவோர் அமெரிக்க மோர்கன் வெள்ளி டொலரைச் சேகரிப்பவர்கள். 1878 முதல் 1904 வரையும், பின்னர் 1921இலும் அச்சிடப்பட்ட டொலர் அது. கனடாவின் நாணயச் சாலை 1950களிலும் 60களிலும் சேகரிப்போருக்கு விற்ற தொகுதிகளுக்கும் 'புரூஃப் லைக்' என்ற பெயரே வழங்கிற்று. தண்ணீரூற்றுக் கடைக்காரர் ஒருவருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரிந்திருக்கவில்லை. அவர் வைத்த பெயர் "கண்ணாடிக் குத்தி".

தரம் பார்ப்பது எப்படி?

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மேசை விளக்கு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, எழுத்துத் தெளிவான ஒரு தாள் போதும்.

முதலாவது, குத்தியை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் உலோகத்தில் பதிந்தால் நாளடைவில் அதுவே கறையாகும். கீழே விழுந்தாலும் அடிபடாதபடி மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அச்சிட்ட தாளுக்கு அருகில் குத்தியை நிமிர்த்திப் பிடித்து, எழுத்துகளின் பிம்பம் அதன் தளத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு முதல் நான்கு அங்குலத் தூரத்தில் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் அது புரூஃப் லைக். ஆறு அங்குலத்திலும் தெரிந்தால் ஆழ்ந்த கண்ணாடி என்று தனித்து வகுப்பார்கள். இரண்டு பக்கமும் அப்படி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடி, மறு பக்கம் மங்கல் என்றால் அந்தப் பெயர் கிடைக்காது.

மூன்றாவது, குறைகளை எண்ணுங்கள். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக அமைத்த 1 முதல் 70 வரையான அளவுகோலே இன்று உலகெங்கும் புழங்குகிறது. கைபடாத குத்திகளுக்கு 60இலிருந்து 70 வரை. கண்ணாடிக் குத்தியில் சிறு கீறலும் பெரிதாகத் தெரியும் என்பதால் அதற்கு உயர்ந்த எண் கிடைப்பது கடினம். சாதாரணச் சேலையில் தெரியாத கறை வெள்ளைச் சேலையில் தெரிவதில்லையா?

நான்காவதுதான் முக்கியமானது. பிறப்பிலேயே வந்த மினுக்கமா, யாரோ தேய்த்து வந்த மினுக்கமா? உருப்பெருக்கியால் பார்த்தால் இரண்டிலும் மெல்லிய கோடுகள் தெரியும். ஆனால் அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கீறல், குத்தியில் மேடாக எழுந்து நிற்கும். எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடும். குத்தியையே தேய்த்தபோது விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். தளம், எழுத்து, உருவம் எல்லாவற்றின் மேலும் ஏறி ஓடும். மேடு என்றால் நாணயச் சாலையின் கைவேலை, பள்ளம் என்றால் நம் கைவேலை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் உங்களை எந்த வியாபாரியும் எளிதில் ஏமாற்ற முடியாது. நீங்களும் பிறரை ஏமாற்ற நேராது.

வேலிக்கு மேலாகக் கைமாறிய பேணி

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதை நமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அதில் அடக்கம். கையில் கொண்டுபோக விட்டது மிகக் கொஞ்சம்.

அன்று வாப்பா வீட்டுத் திறப்பையும் ஒரு பிஸ்கட் பேணியையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலாகக் கொடுத்தார். அக்கா நமது மார்க்கத்தவர் அல்லர். எங்கள் வீட்டுப் பெருநாள் வட்டிலப்பமும் அவர்கள் வீட்டுப் பொங்கலும் அந்த வேலிக்கு மேலாகவே மாறிப் போய்வந்தவை. பேணிக்குள் 41 குத்திகளும் அந்த 1971 தொகுதியும் இருந்தன. அக்கா எண்ணவில்லை. வாப்பாவும் எழுதிக் கொடுக்கவில்லை.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வாப்பா அந்தக் குத்திகளை மனப்பாடமாகச் சொல்வார். 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியான வெள்ளி ஐந்து ரூபா. 1976இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டுக் குத்தி. 1981இல் சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாண்டு நிறைவுக்கு வந்த ஐந்து ரூபா. பிறகு, கடையில் பொறுக்கிய கண்ணாடிக் குத்திகள், அவற்றில் பூப்போன்ற விளிம்புடைய பத்துச் சதம் ஒன்று. "அதைப் போல ஒன்றை இனிக் காண மாட்டேன்" என்பார். காணாமலே மௌத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக!

புளியும் திருநீறும்

போர் முடிந்த பின், 2010இல் நாங்கள் திரும்பி வந்தோம். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அக்கா சில மாதம் கழித்துத்தான் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து சேர்ந்தார். வந்து மூன்றாம் நாள் பேணியோடு எங்கள் முற்றத்தில் நின்றார்.

"வாப்பாவின்ரை சாமான், பிள்ளை. எண்ணிப் பார்."

ஷெல் அடி நெருங்கி ஊரை விட்டு ஓடும்போது, பேணியைப் பொலித்தீனில் சுற்றி மாமரத்தடியில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். தன்னுடைய பித்தளைக் குத்துவிளக்கையும் அதே குழியில்தான் வைத்தாராம். முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கே மூத்த மகனைப் பறிகொடுத்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, அந்த மாமரத்தடியைத் தோண்டியிருக்கிறார்.

"மண்ணுக்கை கிடந்து கறுத்துப் போச்சு. கறுப்பாத் தாறது முறையில்லையெண்டு புளி போட்டு மினுக்கினனான். வெள்ளிக் காசுக்குத் திருநீறு. அந்தப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் திறக்கத் தெரியேல்லை. அதை அப்பிடியே விட்டிட்டன்."

எண்ணினேன். 41 குத்திகள், ஒரு தொகுதி. ஒன்றும் குறையவில்லை.

இரவு, எல்லோரும் உறங்கிய பின் உருப்பெருக்கியை எடுத்தேன். பத்துச் சதம் பளபளவென்று இருந்தது. ஆனால் தாளருகே பிடித்தால் ஒரெழுத்தும் தெரியவில்லை. கீறல்கள் எல்லாம் பள்ளம். எழுத்தின் மேலும் ஏறி ஓடின. புளியிலுள்ள அமிலம் கறையை மட்டும் கரைப்பதில்லை. கண்ணாடியாக நின்ற மெல்லிய மேற்பரப்பையும் சேர்த்தே தின்றுவிடும். திருநீற்றின் துகள் வெள்ளியில் நுண்ணிய கோடுகளைக் கிழிக்கும். மண் பாதியைக் கெடுத்திருக்க, மீதியைப் பாசம் கெடுத்திருந்தது. திறக்கத் தெரியாத அந்தப் பெட்டிக்குள் மட்டும் ஏழு குத்திகளும் 1971இல் பிறந்த கோலத்திலேயே இருந்தன.

விலை சொல்ல வந்தவர்

கூரைக்குப் பணம் தேவைப்பட்டது. கொழும்பில் பழைய நாணயம் வாங்கும் ஒரு வியாபாரியிடம் பேணியைக் கொண்டுபோனோம். தொகுதிக்கு ஒரு விலை சொன்னார். மற்றவற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மினுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கு வெள்ளி விலை, மற்றதற்கு ஒன்றுமில்லை" என்றார். அது நேர்மையான மதிப்புத்தான்; நானும் அதையே கண்டிருந்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். மினுக்கிய குத்திகளில் நன்றாகப் பளபளப்பவற்றைப் 'புரூஃப் லைக்' என்று உறையில் எழுதி வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பலாமாம். புகைப்படத்தில் கீறல் தெரியாதாம். கிடைப்பதில் பாதி எங்களுக்கு. அந்தப் பாதி எங்கள் கூரையின் ஒரு பக்கத்துக்குப் போதுமாயிருந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பேணியை மூடினேன்.

சகோதரிகளே! அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கவென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது தராசைப் பற்றி மட்டும் பேசுகிறது என்று எண்ண வேண்டாம். வாங்குபவர் காண முடியாத குறையை விற்பவர் மறைப்பதும் அதே குற்றத்தின் இன்னொரு பக்கம். அதே வேதத்தில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பொற்குவியலை நம்பி ஒப்படைத்தாலும் திருப்பித் தருவோரும், ஒரு தீனாரைக் கூடத் தராதோரும் பிற வேதக்காரர்களிடையே இருப்பதைப் பற்றி அது பேசுகிறது. நமது மார்க்கத்தைச் சாராத ஒரு பெண் ஷெல் மழைக்கு நடுவே எங்கள் அமானிதத்தைக் காத்துத் தந்திருக்க, அதே குத்திகளை வைத்து நாங்கள் பொய் சொல்லி விற்பதா?

தொகுதியை மட்டும் விற்றோம். பாதிக் கூரை போட்டோம். மீதிக்கு அடுத்த அறுவடை வரை தறப்பாள். அக்கா ஒருநாள் கேட்டார்: "மற்றக் காசுகள் விலை போகேல்லையோ, பிள்ளை?"

"அதுக்கு விலை சொல்ல ஒருத்தராலும் ஏலாது, அக்கா" என்றேன். அது பொய்யில்லை.

புளியைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வாங்குகிறவருக்குக் குத்தியின் குறையைச் சொல்வது கடமை. காத்துத் தந்தவருக்கு அதைச் சொல்வது நன்றி கேடு. முஃமினை முஃமினுக்குக் கண்ணாடி என்று உவமித்த நபிமொழியை நாம் அறிவோம். கண்ணாடி உள்ளதைக் காட்டும். ஆனால் குத்திக் காட்டாது.

உங்கள் வீட்டுக்குச் சில குறிப்புகள்

பழைய குத்தி எதையும் மினுக்க வேண்டாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கறுத்த குத்தி கறுத்தபடி இருப்பதே அதற்கு மரியாதை.

மெதுமெதுப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் படியும். ரப்பர் பட்டி, செய்தித்தாள் இரண்டும் குத்தியைக் கறுக்கச் செய்யும். முல்லைத்தீவு போன்ற உப்புக் காற்று வீசும் ஊர்களில் நன்றாக மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் சேர்த்து அலுமாரியில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு இதைப் பழக்க விரும்பினால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக, 2013ஆம் ஆண்டு பொறித்த பத்து ரூபாக் குத்திகளை வெளியிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று நமது வன்னியின் பெயர்களும் அவற்றில் உண்டு. சில்லறையில் அவற்றைத் தேடச் சொல்லுங்கள். 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரு உலோகப் பத்து ரூபா, 1999ஆம் ஆண்டு பொறித்த கிரிக்கெட் உலகக் கிண்ண ஐந்து ரூபா என்று தேடல் நீளும். கொழும்பு போனால் கோட்டை சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தைக் காட்டுங்கள்.

அப்போது கஹ்ஃபு வாசிகளின் வரலாற்றையும் சொல்லுங்கள். நெடுங்காலம் உறங்கி விழித்த அந்த இளைஞர்கள் தங்களில் ஒருவரை உணவு வாங்க அனுப்பியது ஒரு வெள்ளிக் காசோடுதானே! அந்தப் பழைய காசைக் கண்டே கடைக்காரர் வியந்தார் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, எழுத்துகளை மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டதையும் சொல்லுங்கள். ஒரு காசுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று பிள்ளைகள் வியப்பார்கள்.

இன்னுமொன்று. வெள்ளிக் குத்தி சேர்ப்பவர்கள் ஸக்காத்தை மறந்துவிடக் கூடாது. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், ஏறக்குறைய 595 கிராம். 1957ஆம் ஆண்டு ஐந்து ரூபாவின் எடை 28.28 கிராம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ஆக ஒன்றில் சுமார் 26 கிராம் தூய வெள்ளி உண்டு. அதில் 23 குத்திகள் ஓராண்டு உங்களிடம் இருந்தால் நிஸாபை எட்டிவிட்டீர்கள். குத்தியில் எழுதியிருக்கும் ஐந்து ரூபாவை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். வீட்டிலுள்ள மற்றப் பணத்தோடு சேர்த்துக் கணக்கிடுவது பற்றி உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பிறப்பிலேயே வந்த கண்ணாடியைக் காப்பது எளிது, கைபடாமல் வைத்தால் போதும். மனிதர்களுக்கு நடுவே வாழும் நமக்குக் கீறல் படாமல் இருக்க முடியாது. அந்தக் கீறல்களை மறைத்து விலை ஏற்றிக்கொள்ளாமல் இருப்பதும், பிறர் நம்பித் தந்ததை எண்ணிக் குறையாமல் திருப்பிக் கொடுப்பதும் நம் கையில் இருக்கின்றன. அமானிதம் பேணும் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! எங்கள் அண்டை வீட்டாருக்கு நன்மையைப் பொழிவானாக! ஆமீன்.